ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலும் அதில் போட்டியிடுவோரும்

தமிழகத்தின் ஊரகப் பகுதியில் வசிக்கும் வாக்காளருக்கு உள்ளாட்சித் தேர்தல் நாளன்று நான்கு வாக்குச்சீட்டுகள் கொடுக்கப்படுகின்றன. மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு மஞ்சள், ஊராட்சி ஒன்றிய வார்டு உறுப்பினருக்குப் பச்சை, கிராம ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை என்று நிறம் பிரித்து அச்சிடப்படும் இச்சீட்டுகளுள், வெள்ளைச் சீட்டுக்குரிய பதவியே மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவிகளில் மிகச் சிறியது. ஊர்ப் பேச்சில் ‘மெம்பர்’ என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கப்படும் இப்பதவிக்கு மாதச் சம்பளம் இல்லை, அலுவலகம் இல்லை, தனித்து ஆணையிடும் அதிகாரமும் இல்லை. எனினும் தெருவிளக்கு, குடிநீர், வடிகால், வீட்டு வரி ஆகியவை பற்றிய முடிவுகள் எந்த மன்றத்தில் எடுக்கப்படுகின்றனவோ அந்த மன்றத்தில் தெருவின் சார்பாக அமர்ந்து வாக்களிக்கும் உரிமை இவருக்கே உண்டு என்பதால், இத்தேர்தலைக் குறித்து இப்போது கிடைப்பதைவிடக் கூடுதலான கவனம் தேவைப்படுகிறது.

அக்கவனம் எவ்வளவு குறைவாக உள்ளது என்பதை ஒரு புள்ளிவிவரம் காட்டுகிறது. 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் 27 மாவட்டங்களில் நடைபெற்ற ஊரக உள்ளாட்சித் தேர்தலில் 9,624 ஊராட்சித் தலைவர் பதவிகளும் 76,746 ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிகளும் இருந்தன. அதாவது ஓர் ஊராட்சிக்குச் சராசரியாக எட்டு வார்டுகள். இந்த 76,746 இடங்களுள் 18,137 இடங்களில் ஒருவர் மட்டுமே களத்தில் நின்றதால் வாக்குப்பதிவே இல்லாமல் அவர்கள் தேர்வானதாக அறிவிக்கப்பட்டனர். ஏறத்தாழ நான்கு வார்டுகளுக்கு ஒன்றில் வாக்காளருக்கு வெள்ளைச் சீட்டைப் பயன்படுத்தும் வாய்ப்பே கிட்டவில்லை. தலைவர் பதவியில் இவ்வாறு போட்டியின்றி நிரம்பியவை 410 மட்டுமே என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், ஊர் மக்களின் ஆர்வம் முழுவதும் தலைவர் நாற்காலியைச் சுற்றியே திரண்டிருப்பது விளங்கும்.

இன்றைய கிராம ஊராட்சி அமைப்பு 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திலிருந்து பிறந்தது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், ஊராட்சிகளுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கான இடஒதுக்கீடு, தேர்தலை நடத்துவதற்கென ஒவ்வொரு மாநிலத்திலும் தனியான மாநிலத் தேர்தல் ஆணையம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. அதனையொட்டி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டு, அச்சட்டத்தின்கீழ் முதல் தேர்தல் 1996இல் நடைபெற்றது. ஒன்றிய, மாவட்ட அளவிலான இடங்களுக்குக் கட்சிகள் தத்தம் சின்னத்தில் போட்டியிடும் நிலையில், ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் ஆகிய இரு பதவிகளுக்கும் கட்சி சார்பற்ற முறையிலேயே தேர்தல் நடக்கிறது. பூட்டு சாவி, கட்டில், சீப்பு, ஆட்டோ போன்ற பொதுச் சின்னங்களுள் ஒன்று வேட்பாளருக்கு ஒதுக்கப்படும். வேட்பாளர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்பது ஊருக்கே தெரிந்திருந்தாலும், வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரோ சின்னமோ இடம்பெறாது.

போட்டியிட விரும்புபவர் 21 வயது நிறைந்தவராகவும் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவராகவும் இருக்க வேண்டும். வாக்களிக்க 18 வயது போதும், உறுப்பினராவதற்கு மூன்றாண்டுகள் கூடுதலாக வேண்டும். ஊராட்சியின் எந்த வார்டில் பெயர் இருந்தாலும் வேறொரு வார்டில் போட்டியிடலாம், ஆனால் வேட்புமனுவை முன்மொழிபவர் போட்டியிடும் வார்டின் வாக்காளராக இருத்தல் அவசியம். இவ்விதியின் விளைவு ஒன்று 2021 அக்டோபரில் கோவை மாவட்டத்தில் நடந்த ஓர் ஊராட்சி வார்டு இடைத்தேர்தலில் வெளிப்பட்டது. அதில் ஒரே ஒரு வாக்கு பெற்ற வேட்பாளர் ஒருவர், வீட்டார்கூட வாக்களிக்காதவர் என்று நாடு முழுவதும் பேசப்பட்டார். உண்மையில் அவரது வாக்கும் குடும்பத்தினர் வாக்குகளும் வேறொரு வார்டில் இருந்தன. வசிக்கும் தெருவை விட்டு அடுத்த தெருவில் நிற்பதற்குச் சட்டத்தில் இடம் இருந்தாலும், வார்டு உறுப்பினர் தேர்தலில் சொந்த வார்டைவிடப் பலமான களம் வேறில்லை.

தகுதியிழப்பு விதிகளுள் சாதாரண மக்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது வரி பாக்கி தொடர்பானது. ஊராட்சிக்குச் செலுத்த வேண்டிய வீட்டு வரி முதலியவற்றை, முறையான கேட்பு அறிவிப்பு வந்த பின்னரும் செலுத்தாமல் முந்தைய ஆண்டு வரை பாக்கி வைத்திருப்பவரின் மனு நிராகரிக்கப்படக்கூடும். ஊராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் பங்குடையவரும், அரசு அல்லது உள்ளாட்சிப் பணியில் இருப்பவரும் போட்டியிட இயலாது. மனுவோடு குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவை பற்றிய உறுதிமொழியும் இணைக்கப்பட வேண்டும். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக விடப்பட்டதால் பரிசீலனை நாளில் மனு தள்ளுபடியாகும் வேட்பாளர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு என்பதால், கடைசி நாள் வரை காத்திராமல் முன்னதாகவே மனுவைக் கொடுத்து, குறையிருந்தால் திருத்திக்கொள்வது நல்லது.

செலவைப் பொறுத்தவரை இது ஏழைக்கும் எட்டும் தேர்தலாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. 2019இல் வார்டு உறுப்பினர் பதவிக்கான காப்புத்தொகை, அதாவது டெபாசிட், 200 ரூபாயாகவும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 100 ரூபாயாகவும் இருந்தது. தேர்தல் செலவுக்கான உச்சவரம்பு 9,000 ரூபாய். வெற்றி பெற்றாலும் தோற்றாலும், முடிவு வெளியான நாளிலிருந்து 30 நாள்களுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கத் தவறியவர் மூன்றாண்டுகளுக்குப் போட்டியிடும் தகுதியை இழக்க நேரிடும். கணக்குக் காட்டாதவரை ஊர்ப் பொறுப்பிலிருந்து விலக்கும் இக்கொள்கை தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், முன்பு ஊர்ச் சபையின் குழுவான வாரியத்தின் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரையும் அவருடைய உறவினரையும் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்று விதிக்கின்றன. எனினும் அப்பொறுப்பு நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடைய, 35 வயதுக்கு மேற்பட்ட பிராமண ஆண்களுக்கே உரியதாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிலமற்ற கூலித் தொழிலாளியான பெண் ஒருவர் சிறு தொகை கட்டி வேட்பாளராகும் இன்றைய ஏற்பாடு, உத்திரமேரூர்ச் சபையார் எண்ணிப் பார்த்திராத விரிவைக் கொண்டது.

வேட்புமனுக்கள் பரிசீலிக்கப்பட்டு, விலகுவோர் விலகிச் சின்னங்கள் ஒதுக்கப்பட்ட பிறகு தொடங்கும் வாக்கு சேகரிப்பு, சட்டமன்றத் தேர்தல் பிரசாரத்திலிருந்து தன்மையிலேயே வேறுபட்டது. சில நூறு வாக்காளர்களே உள்ள வார்டில் பொதுக்கூட்டத்துக்கு வேலை இல்லை. வேட்பாளர் யார், அவருடைய அப்பா எப்படிப்பட்டவர், வரப்புத் தகராறில் எந்தப் பக்கம் நின்றார், துக்க வீட்டுக்கு வந்தாரா என்பதெல்லாம் வாக்காளருக்கு முன்பே தெரியும். பங்காளி வீடுகளின் வாக்குகளும் மாமன் மச்சான் வகையின் வாக்குகளும் கணக்கிடப்பட்ட பின்னர், எஞ்சியிருக்கும் இருபது முப்பது வாக்குகளுக்காகவே உண்மையான போட்டி நடக்கிறது. வெளியூரில் வேலை பார்ப்பவர்களைத் தொலைபேசியில் அழைத்து வாக்குப்பதிவு நாளுக்கு வரவழைப்பது இதில் ஒரு பெரும் பணி. ஒற்றை இலக்க வாக்கு வித்தியாசத்தில் முடிவு மாறுவது இங்கே வியப்பானதன்று, இரு வேட்பாளர்கள் சம வாக்கு பெற்றால் குலுக்கல் முறையில் முடிவு செய்யப்படுகிறது. தோற்றவரும் வென்றவரும் மறுநாள் காலையில் ஒரே குழாயடியில் நிற்க வேண்டியிருப்பதால், பிரசாரத்தில் சொல்லப்படும் ஒவ்வொரு கடுஞ்சொல்லும் தேர்தலைக் கடந்து நீடிக்கும். ‘ஓட்டுக்குப் பணம்’ என்னும் நோய் வெள்ளைச் சீட்டையும் விட்டுவைக்கவில்லை. 9,000 ரூபாய் வரம்பைப் பன்மடங்கு தாண்டிச் செலவிடுபவர், சம்பளமே இல்லாத பதவியிலிருந்து அப்பணத்தை எவ்வாறு திரும்ப எடுப்பார் என்ற கேள்வியை வாக்காளரே கேட்க வேண்டியிருக்கிறது.

போட்டியின்றித் தேர்வாகும் இடங்களைப் பற்றி மேலும் விரிவாகப் பேச வேண்டும். ‘ஊர் ஒற்றுமை’ என்ற பெயரில் போற்றப்படும் இவ்வழக்கத்தில் உண்மையான இசைவும் உண்டு. எல்லோரும் மதிக்கும் ஒருவர் நிற்கும்போது மற்றவர் விலகிக்கொள்வதில் தவறேதும் இல்லை. ஆனால் பல ஊர்களில் ஒருமித்த முடிவு எனப்படுவது ஊர்ப் பெரியவர்கள் சிலர் கோயில் வாசலில் கூடி எடுத்த முடிவாகவே இருக்கிறது. அக்கூட்டத்தில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இடம் இருப்பது அரிது. இதன் மிக இழிந்த வடிவம் பதவி ஏலம். கோயில் திருப்பணிக்கு அல்லது ஊர்ப் பொதுவுக்கு அதிகத் தொகை தருவதாகச் சொல்பவருக்குப் பதவியை விட்டுக்கொடுத்து மற்றவரை மனுத் தாக்கல் செய்யவிடாமல் தடுக்கும் இச்செயல், 2019 தேர்தலின்போது சில மாவட்டங்களிலிருந்து செய்தியாக வெளிவந்து, தேர்தல் ஆணையத்தின் எச்சரிக்கைக்கும் உள்ளானது. ஏலத்தொகை கோயிலுக்கே சென்றாலும், அங்கே விற்கப்படுவது வாக்காளரின் உரிமை. அதை விற்க ஊர்க்கூட்டத்துக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

போட்டி தடுக்கப்படுவதன் பின்னால் சாதி நிற்கும் இடங்களில் விளைவு உயிர்ப்பலி வரை சென்றிருக்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்க மறுத்தவர்களின் எதிர்ப்புக்கிடையே 1996இல் தலைவராகத் தேர்வான முருகேசனும் அவருடன் சென்ற ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலிலும் 1996இலிருந்து பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடக்கவிடாமல் தடுக்கப்பட்டது. மனுத் தாக்கல் செய்ய ஆளில்லாமல் செய்வது, அல்லது ஒருவரை நிற்கவைத்து வென்றவுடன் பதவி விலகச் செய்வது என்ற வழிகள் அங்கே கையாளப்பட்டு, 2006 அக்டோபரில்தான் அத்தடை உடைந்தது. இவை தலைவர் பதவியைச் சுற்றி நிகழ்ந்தவை என்றாலும், ஊராட்சி மன்றத்தில் யார் உட்காரலாம் என்பதே இவற்றின் அடிப்படைக் கேள்வி என்பதால் வார்டு உறுப்பினர் பதவிக்கும் பொருந்துபவை.

பெண்களுக்கான ஒதுக்கீட்டை மூன்றில் ஒரு பங்கிலிருந்து சரிபாதியாக உயர்த்தும் சட்டத்திருத்தம் தமிழகத்தில் 2016இல் நிறைவேறியது. இதனால் பல்லாயிரம் பெண்கள் உறுப்பினராகியிருக்கின்றனர். அவர்களுள் ஒரு பகுதியினரின் இடத்தில் கணவரோ மகனோ கூட்டத்தில் உட்கார்ந்து பேசும் வழக்கமும் உடன் வளர்ந்திருக்கிறது. சட்டத்தில் அதற்கு எவ்வித இடமும் இல்லை. மகளிர் சுயஉதவிக் குழுக்களில் கணக்கு எழுதியும் வங்கிக்குச் சென்றும் பழகிய பெண்கள் உறுப்பினராகும்போது இந்நிலை மாறுவதற்கான அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. ஊராட்சிக் கணக்கு அவர்கள் குழுவில் எழுதிய கணக்கைவிட மிகக் கடினமானதன்று.

வெற்றி பெற்ற உறுப்பினர் முதலில் செய்யும் கடமை துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க, துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கும் இந்த மறைமுகத் தேர்தல் வெறும் சடங்கு அன்று. ஊராட்சிப் பணத்தை எடுப்பதற்குத் தலைவர், துணைத் தலைவர் ஆகிய இருவரின் ஒப்புதலும் தேவைப்படுவதால், துணைத் தலைவராகும் உறுப்பினரின் கையெழுத்து ஊராட்சியின் நிதி முழுவதற்கும் காவலாகிறது. அதே கையெழுத்து தவறானவரிடம் சென்றால் ஆயுதமாகவும் மாறும். ஒதுக்கீட்டில் தேர்வான பட்டியல் சாதித் தலைவர்களை, காசோலையில் கையொப்பமிட மறுத்தே முடக்கிப்போட்ட துணைத் தலைவர்கள் உண்டு. 2020இல் கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் ஒருவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட நிழற்படம் வெளியாகி நாட்டை அதிரவைத்தபோது, குற்றச்சாட்டுக்கு உள்ளானவர் துணைத் தலைவரே. வார்டு உறுப்பினர் தேர்தலை அற்பமாகக் கருதி யாரை வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம் என்று நினைக்கும் வாக்காளர் எண்ணிப் பார்க்க வேண்டிய நிகழ்வு இது.

மன்றக் கூட்டத்தில் உறுப்பினரின் கையில் இருக்கும் கருவி தீர்மானப் புத்தகம். குழாய் பதிப்பது, மோட்டார் பழுது நீக்குவது, சிமென்ட் சாலை போடுவது என ஊராட்சி செய்யும் செலவு எதுவாயினும் அது இப்புத்தகத்தில் தீர்மானமாக எழுதப்பட்டு, வந்திருந்த உறுப்பினர்களின் கையொப்பம் பெறப்பட வேண்டும். சில ஊராட்சிகளில் கூட்டமே நடத்தாமல் புத்தகத்தை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் இருக்கிறது. கடைசித் தீர்மானத்துக்கும் கையொப்பங்களுக்கும் இடையே நாலைந்து வரிகள் வெற்றிடமாக விடப்பட்டிருந்தால், பின்னர் அங்கே எது வேண்டுமானாலும் எழுதப்படலாம். கூட்டத்துக்கு நேரில் செல்வது, எழுதப்பட்டதை முழுமையாகப் படிப்பது, வெற்றிடத்தைக் கோடிட்டு அடைத்த பிறகு கையெழுத்திடுவது, உடன்பாடு இல்லாத தீர்மானத்துக்கு எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொல்வது ஆகியவற்றை மட்டும் ஓர் உறுப்பினர் ஐந்தாண்டுகள் தவறாமல் செய்தாலே ஊராட்சியின் நடைமுறை மாறத் தொடங்கும். தலைவர் மீது கடுமையான குற்றச்சாட்டு இருந்தால், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கையொப்பமிட்டு மாவட்ட ஆட்சியரிடம் எழுத்து மூலம் முறையிடவும் சட்டம் வழி செய்திருக்கிறது.

அன்றாடத்தில் உறுப்பினரின் வேலை பெரும்பாலும் தொடர் கண்காணிப்பே. எரியாத தெருவிளக்கின் கம்ப எண்ணைக் குறித்து ஊராட்சிச் செயலரிடம் கொடுப்பதும், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் தூணில் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும் சுத்தம் செய்த தேதி உண்மையா என்று டேங்க் ஆபரேட்டரிடம் விசாரிப்பதும், தன் வார்டில் குப்பை வாங்க வரும் தூய்மைக் காவலருக்கு மாதக் கூலி வந்துவிட்டதா என்று கேட்பதும் அதில் அடங்கும். ஊராட்சிக்கு வரும் பணத்தில் வீட்டு வரி, தொழில் வரி போன்ற சொந்த வருவாயைவிட, மத்திய நிதிக்குழு, மாநில நிதிக்குழு ஆகியவற்றின் பரிந்துரைப்படி வரும் மானியங்களே பல ஊராட்சிகளில் பெரும்பகுதி. மின்கட்டணமும் பணியாளர் ஊதியமும் போக எஞ்சுவது சிறு தொகையே என்பதை அறியாமல், தார்ச்சாலை முதல் திருமண மண்டபம் வரை வாக்குறுதி தருபவர் ஓராண்டுக்குள் தெருவில் தலைகாட்ட முடியாத நிலைக்கு ஆளாவார். பெரிய பணிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரின் ஒப்புதலும் ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீடும் வேண்டும். கிராம சபையின் துணை இருந்தால் அவற்றைக் கேட்டுப் பெறுவதும் எளிதாகும். வாக்காளர்கள் அனைவரும் உறுப்பினராக இருக்கும் இச்சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு 2022இலிருந்து மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூட்டப்படுகிறது. தன் வார்டு மக்களை அங்கே அழைத்துவந்து பேசவைக்கும் உறுப்பினருக்கு, மன்றக் கூட்டத்தில் கிடைக்காத பலம் அங்கே கிடைக்கும்.

இத்தனையும் தேர்தல் உரிய காலத்தில் நடந்தால் மட்டுமே பொருளுடையன. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243E பிரிவு கூறியிருந்தும், 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தல் நீதிமன்றத்தால் ரத்தாகி, 27 மாவட்டங்களில் மூன்றாண்டுகள் கழித்து 2019 டிசம்பரிலும், எஞ்சிய ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும்தான் நடைபெற்றது. 2019இல் தேர்வானோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோதும் புதிய தேர்தல் நடக்காததால், அந்த ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. தனி அலுவலர் எவ்வளவு நேர்மையானவராயினும் அவர் அந்தத் தெருவின் வாக்கைப் பெற்றவர் அல்லர், பல ஊராட்சிகளைச் சேர்த்துக் கவனிக்க வேண்டியவர், நள்ளிரவில் மோட்டார் எரிந்துபோனால் கதவைத் தட்ட முடியாத தொலைவில் இருப்பவர். ஊராட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவது எந்த ஆட்சியில் நடந்தாலும் அது கிராம மக்களுக்கு இழைக்கப்படும் அநீதியே.

தேர்தல் அறிவிக்கப்பட்டால் மனுத் தாக்கலுக்குக் கிடைக்கும் காலம் மிகக் குறைவு. 2019இல் அது டிசம்பர் 9 முதல் 16 வரை மட்டுமே. ஆகவே போட்டியிடும் எண்ணம் உடையவர்கள் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், வாக்காளர் பட்டியலில் தம் பெயர் எந்த வார்டில் இருக்கிறது என்பதை இப்போதே பார்த்து, வீட்டு வரி பாக்கியைச் செலுத்தி ரசீதைப் பத்திரப்படுத்தி, அடுத்து வரும் கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கத் தொடங்க வேண்டும்.